அப்பா எதிர்பார்க்கும் இதழ்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்துக் கார் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். பழைய கார்களைப் பிரித்து, வேகத்துக்காகத் திருத்திக் கட்டும் ‘ஹாட் ராட்’ கலையைப் பற்றிய அமெரிக்கக் காலாண்டிதழ் ஒன்றுக்குச் சந்தா கட்டியிருக்கிறார். இரண்டு இதழ்கள் வந்தன. அதன்பின் ஏழு மாதங்களாக ஒன்றும் வரவில்லை. நாள்தோறும் பிற்பகலில் தபால் பெட்டிச் சாவியோடு கீழே இறங்கி, வெறுங்கையோடு திரும்புகிறார். என்ன செய்யலாம்? – வாசகி, ஈசூன்

பதில்: இதழ் வழியில் எங்கோ நிற்கிறதா, அல்லது இன்னும் அச்சாகவே இல்லையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவிடம் இருக்கும் கடைசி இதழின் எண்ணைப் பதிப்பாளரின் இணையத்தளத்தில் விற்பனைக்கு வைத்திருக்கும் புதிய இதழின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றே என்றால் தபால்காரர் மீது குற்றமில்லை. அடுத்த இதழ் இன்னும் அச்சகத்தையே எட்டவில்லை.

இத்தகைய சிற்றளவு இதழ்களில் இது நேர்வதற்குக் காரணம் உண்டு. சந்தாப் பணம் பதிப்பாளருக்கு வருமானமாகத் தோன்றினாலும், உண்மையில் அது அவர் இனித் தரவேண்டிய இதழ்களுக்கான கடன். தடித்த வழவழப்பான தாளில், பெரிய படங்களோடு, ஒரு சிலரே கூடி நடத்தும் இதழுக்குத் தாள் விலையும் அச்சுக் கூலியும் வெளிநாட்டு அஞ்சல் கட்டணமும் ஏறும்போது, முன்பே வாங்கிய சந்தா பழைய அச்சகப் பாக்கியை அடைப்பதற்கே போய்விடுகிறது. அடுத்த இதழை அச்சிடப் புதிய சந்தாதாரர்கள் சேரவேண்டும். இதழ் வராதபோது யார் சேருவார்கள்? அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால், வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு. மௌனமாக இருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

புதிய இதழ் வெளிவந்திருந்தால், முகவரியைச் சரிபாருங்கள். நம் ஆறிலக்க அஞ்சல் குறியீடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கைத்தான் காட்டும், வீட்டை அல்ல. வெளிநாட்டுச் சந்தாப் படிவங்களில் நம் மாடி எண்ணும் வீட்டு எண்ணும் விடுபட்டுப்போவது உண்டு. எனக்கே ஒருமுறை நேர்ந்தது: பிளாஸ்டிக் உறைமேல் ஒட்டிய சீட்டில் என் பெயரும் புளோக் எண்ணும் தெருப்பெயரும் இருந்தன, வீட்டு எண் இருக்கவேண்டிய வரி வெறுமையாக இருந்தது. எங்கள் புளோக்கின் தபால்காரர் என் பெயரை அறிந்தவர் என்பதால் மட்டுமே அது என் கைக்கு வந்தது. வீட்டு எண்ணைத் தெருப்பெயர் இருக்கும் அதே வரியில் சேர்த்து எழுதும்படி பதிப்பாளரிடம் கேளுங்கள்.

கப்பலில் வந்துகொண்டிருக்கும் என்று எண்ணியும் காத்திருக்க வேண்டாம். பொதுமக்களுக்கான வெளிநாட்டுக் கப்பல் அஞ்சலை அமெரிக்க அஞ்சல் துறை 2007ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. பதிப்பாளர்கள் அனுப்பும் மொத்த அஞ்சல் சில வாரங்கள் தாமதமாகலாம், ஏழு மாதம் ஆகாது.

சந்தா எண்ணையும் கடைசியாக வந்த இதழின் எண்ணையும் குறிப்பிட்டு, அடுத்த இதழ் எப்போது, இல்லையேல் பணம் எப்போது திரும்பும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் உங்கள் வங்கியையும் இன்றே அழையுங்கள். பொருள் வந்து சேரவில்லை என்று முறையிடுவதற்குக் கால வரம்பு உண்டு, பொதுவாக வரவேண்டிய நாளிலிருந்து 120 நாள் என்பார்கள். ஆனால், தந்தையைக் கேட்காமல் சந்தாவை ரத்து செய்துவிடாதீர்கள். காத்திருப்பவர் அவர், போதும் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கேள்வி: கார்களைப் பற்றி இணையத்தில் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. அச்சிதழுக்காக ஏன் இவ்வளவு பாடு? – வாசகர், செங்காங்

பதில்: ஹாட் ராட் கலை பரவியதே அச்சிதழின் துணையோடுதான். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை எளிய விலைக் காரில் பொருத்தியது. கலிஃபோர்னியாவின் தென்பகுதி இளைஞர்கள் அத்தகைய கார்களைப் பழையதாக வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். நேரம் கணக்கிட்டுப் பந்தயம் நடத்த 1937ஆம் ஆண்டு ஒரு சங்கமும் எழுந்தது. ராபர்ட் பீட்டர்சன் 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழை 25 காசுக்கு வெளியிட்டார். அதன்பின், ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்த வழியை வேறொரு மாநிலத்தில் இருப்பவர் படம் பார்த்தே செய்ய முடிந்தது.

இரண்டு பக்கங்களுக்கு விரிந்த ஒரு சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) படத்தைப் பூதக்கண்ணாடியோடு பார்த்திருக்கிறீர்களா? வெல்டிங் தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த போல்ட் புதியது என்று ஒரு மெக்கானிக் மணிக்கணக்கில் படிப்பார். காணொளி அதற்குள் ஓடிப்போய்விடும். அதோடு, நம் ஊரில் இக்கார்களை நேரில் காண்பது அரிது. 35 ஆண்டு கடந்த காரைப் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதிந்தாலும் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம், உடலமைப்பை மாற்றுவதற்கும் விதிகள் கடுமை. ஓய்வுபெற்ற ஒரு பட்டறைக்காரருக்கு அந்தப் பக்கங்களே பட்டறை.

கேள்வி: ஒரே நாளில் இரண்டு இதழ்கள் வந்தன. அட்டை மாதத்தைப் பார்த்தால் நடுவில் ஒன்று குறைகிறது. தொலைந்துவிட்டதா? – வாசகர், பிடோக்

பதில்: அட்டையில் உள்ள மாதத்தை விட்டுவிட்டு இதழின் முதுகு ஓரத்தில் உள்ள இதழ் எண்ணைப் பாருங்கள். தாமதத்தை ஈடுகட்டப் பதிப்பாளர் ஒரு பருவத்தையே தாண்டி, எண்ணை மட்டும் வரிசையாகத் தொடர்வதும் உண்டு. எண்கள் தொடர்ச்சியாக இருந்தால் எதுவும் தொலையவில்லை, உங்கள் சந்தாவிலும் ஓர் இதழ் குறையவில்லை. எண்ணே விட்டுப்போயிருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். பழைய பிரதிகள் விற்றுத் தீர்ந்தபின் அவர்களாலும் தர முடியாது.