மருந்துக்கு அடங்காத கிருமியும் மரமஞ்சளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஓராண்டுக்குள் நான்காவது முறையாகச் சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது. கல்ச்சர் பரிசோதனையில் ஈ. கோலை என்ற பாக்டீரியா இருப்பதாக வந்தது. பட்டியலில் இருந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரே, அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற எழுத்தைப் போட்டிருந்தார்கள். ஊசி மருந்துதான் வழி என்கிறார் மருத்துவர். மஞ்சள், பூண்டு, மரமஞ்சள் முதலியவை மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் கொல்வதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் அவற்றை மருத்துவர்கள் ஏன் தருவதில்லை?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அம்மா, முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் தயவுசெய்து ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர்ப்பையில் இருக்கும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி இரத்தத்தில் கலந்துவிட்டால், சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு அது உயிராபத்து. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 12.7 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நீங்கள் படித்த செய்தி பொய்யன்று. ஆய்வகத் தட்டில் பூண்டுச் சாறு பல பாக்டீரியாக்களைக் கொல்லத்தான் செய்கிறது. ஆனால் பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின், இரத்தத்தில் சேர்ந்த சில நிமிடங்களிலேயே வேறு பொருள்களோடு வினைபுரிந்து மறைந்துவிடுகிறது. மஞ்சளின் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போய்ச் சேருவதே மிகக் குறைவு. சேர்ந்ததும் விரைவில் சிதைகிறது. தட்டில் கிருமியைக் கொன்ற அளவை உடலுக்குள் எட்ட முடிவதில்லை என்பதே இவற்றின் முதற்குறை.

மரமஞ்சளின் கதை இதைவிட நுட்பமானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும், மேல்நாடுகளில் வளரும் பெர்பெரிஸ் இனச் செடிகளிலும் பெர்பெரின் என்ற மஞ்சள்நிறப் பொருள் இருக்கிறது. அது பாக்டீரியாவுக்குள் நுழையக்கூடியது. ஆனால் புண்களில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் சவ்வில் ‘நார்-ஏ’ என்றொரு பம்பு இருந்துகொண்டு, உள்ளே வரும் பெர்பெரினை உடனுக்குடன் வெளியே தள்ளிவிடுகிறது. சிப்ரோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளையும் வெளியேற்றுவது இதே பம்புதான். அப்படியிருக்க, பலனில்லாத ஆயுதத்தை அந்தச் செடிகள் ஏன் சுமந்துகொண்டிருக்கின்றன? அமெரிக்க ஆய்வாளர்கள் பிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரின் குழு இதற்கான விடையை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெர்பெரிஸ் செடிகள் மெத்தாக்சிஹிட்னோகார்ப்பின் என்ற இன்னொரு பொருளையும் உண்டாக்குகின்றன. அது தனியாகக் கிருமியைக் கொல்லாது. பம்பை மட்டும் அடைத்துவிடும். பம்பு அடைபட்டதும் பெர்பெரின் உள்ளே தங்கிக் கிருமியைக் கொன்றுவிடுகிறது. இதே பொருள், தொழுநோய்க்கு நெடுங்காலம் பயன்பட்ட நீரடிமுத்து எண்ணெயிலும் சிறிதளவு இருப்பதாக முன்பே அறிந்திருந்தார்கள்.

ஆகவே, தாவரப் பொருள்களிலிருந்து நாம் எதிர்பார்க்க வேண்டியது ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றை அன்று, அதற்கு ஒரு துணையை என்பது என் கருத்து. துணை மருந்து என்ற எண்ணம் ஏற்கெனவே வென்று காட்டியதுதான். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து வரும் கிளாவுலானிக் அமிலம் தானாகப் பெரிதாக எதையும் கொல்வதில்லை. மருந்தை வெட்டிப்போடும் பாக்டீரியாவின் நொதியை முடக்குவதே அதன் வேலை. அந்த அமிலம் கிடைத்தது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து. தாவரத்திலிருந்து வந்த பம்பு அடைப்பான் ஒன்று இந்த நிலையை இன்னும் எட்டவில்லை. சர்ப்பகந்தியிலிருந்து கிடைக்கும் ரிசர்பின் நார்-ஏ பம்பை நன்றாகவே அடைக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய அளவோ, இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த அளவைவிடப் பன்மடங்கு அதிகம். அவ்வளவு கொடுத்தால் மூளை நரம்புகள் பாதிக்கப்படும்.

உங்கள் மாமியாரின் கிருமி ஈ. கோலை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஸ்டஃபைலோகாக்கசுக்கு இல்லாத ஒரு வெளிச்சவ்வு ஈ. கோலைக்கு உண்டு. அதைத் தாண்டி உள்ளே நுழைவதே கடினம்; நுழைந்ததையும் வலிமை மிக்க பம்புகள் சவ்வுகள் இரண்டையும் கடத்தி வெளியே எறிந்துவிடும். தாவரப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த வகைப் பாக்டீரியாக்களிடம் தோற்றுப்போவது இதனால்தான். ரேவல்சின்னி என்ற மருந்துச் செடியில் உள்ள ரெயின் என்ற பொருளைக் கொண்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பம்புகளை முடக்கியபோது, பாக்டீரியாவின் இனத்தைப் பொறுத்து ரெயினின் ஆற்றல் 100 முதல் 2,000 மடங்கு வரை உயர்ந்தது. நஞ்சு செடியில் இருக்கத்தான் செய்கிறது; கிருமியின் வாசலில்தான் அது தடுக்கப்படுகிறது.

சிறுநீர்த் தொற்றில் மனிதர்களிடம் சோதித்து ஓரளவு பலன் கண்ட தாவரப் பொருள் கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழம். ஈ. கோலை சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்வதை அதிலுள்ள ஒருவகைத் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன. தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு அது மறுபடி வரும் வாய்ப்பை இது குறைப்பதாக 2023இல் வெளியான, பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு கூறுகிறது. எனினும் அது வருமுன் காப்பதற்கே. வந்துவிட்ட தொற்றைத் தீர்ப்பதற்கன்று. கடைகளில் விற்கும் இதன் சாற்றில் சர்க்கரை மிகுதியாக இருப்பதால், உங்கள் மாமியாருக்கு மருத்துவரைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். எங்கள் ஊரில் புண்ணுக்கு அரைத்துப் பூசும் ஓர் இலையின் மெத்தனால் சாற்றை ஸ்டஃபைலோகாக்கஸ் மீது சோதித்தபோது, தட்டில் 16 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பாக்டீரியா வளராத வட்டம் விழுந்தது. இது புதிய ஆன்டிபயாட்டிக் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம், தம்பி. வட்டத்தின் அகலம் பொருளின் ஆற்றலை மட்டும் காட்டுவதில்லை. பாக்டீரியாவை வளர்க்கும் அகார் என்ற கூழில் அது எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. வெறும் மெத்தனாலை வைத்த வில்லையைச் சுற்றி வட்டம் விழவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு, பாக்டீரியா வளராமல் நிற்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடியுங்கள். சாறு என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழும், பிரித்தெடுத்த தனிப்பொருள் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழும் இருந்தால்தான் மேற்கொண்டு பார்க்கத் தகுந்தது என்பது இத்துறையில் பலரும் கொள்ளும் அளவுகோல். மில்லிகிராம் கணக்கில் ஊற்றினால் ஏறத்தாழ எந்தத் துவர்ப்பான இலையும் ஏதாவது ஒரு பாக்டீரியாவை நிறுத்திவிடும். துவர்ப்பைத் தரும் டானின்கள் கண்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம்.

அதன் பிறகு மனித உயிரணுக்களுக்கு அது நஞ்சா என்று பார்க்க வேண்டும். கொடிவேலி வேரின் பிளம்பேஜின் தட்டில் பாக்டீரியாவை நன்றாகவே தடுக்கும்; நம் உயிரணுக்களையும் அது விடுவதில்லை.

உங்களிடம் காலமும் வசதியும் இருந்தால் ஒன்று செய்யுங்கள். கிருமிச் சேமிப்பு நிலையங்களிலிருந்து வாங்கும் பழகிய பாக்டீரியாவோடு நிறுத்திக்கொள்ளாமல், உரிய பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்தில், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா மீதும் சோதியுங்கள். சாற்றை ஓர் ஆன்டிபயாட்டிக்கோடு வெவ்வேறு அளவுகளில் கட்டம் கட்டமாகக் கலந்து, இரண்டும் சேரும்போது தேவைப்படும் மருந்தின் அளவு குறைகிறதா என்று பாருங்கள். இரண்டுமே தனியாக வேண்டிய அளவில் கால் பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கினால் அது கூட்டு விளைவு. தனியாக வட்டமே காட்டாத ஒரு சாறு இந்தச் சோதனையில் சிறந்து நிற்கலாம்; வட்டம் மட்டும் தேடியவர்கள் அதை எப்போதோ கழுவிக் கொட்டியிருப்பார்கள் என்பதை எண்ணினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: சித்த மருந்துகள் பலவற்றில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் திரிகடுகாகச் சேர்க்கிறார்கள். இதற்கு இந்த ஆய்வுகளில் ஏதேனும் ஆதாரம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: ஓரளவு உண்டு, ஐயா. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பெரின், ஸ்டஃபைலோகாக்கசின் நார்-ஏ பம்பை அடைத்துச் சிப்ரோபிளாக்சசினின் ஆற்றலைக் கூட்டுவதை ஜம்மு ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஆனால் அது ஆய்வகத்தில் கண்டதே. மற்ற மருந்துகளை இரத்தத்தில் கூடுதலாகச் சேர்ப்பதிலும் பிப்பெரின் வல்லது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினை வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பிப்பெரின் சேர்த்த மாத்திரை இந்தியாவில் அனுமதி பெற்றிருக்கிறது. மற்ற மருந்துகளோடு கூட்டாகச் சேர்ப்பதற்கு மிளகைத் தேர்ந்தெடுத்த முன்னோரின் கவனத்தை நான் மதிக்கிறேன்.

அதே வல்லமையில்தான் ஆபத்தும் இருக்கிறது. வலிப்பு நோய்க்காக ஃபெனிட்டாயின் உட்கொள்பவர்களுக்கு 20 மில்லிகிராம் பிப்பெரின் கொடுத்தபோது, இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு உயர்ந்தது. இரசத்தில் போடும் மிளகைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பிப்பெரினைச் செறிவாக அடைத்த மாத்திரைகளை, மஞ்சள் மாத்திரையோடு கலந்து வருபவை உட்பட, வேறு மருந்து உட்கொள்பவர்கள் தம் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.