பேஸ் கிட்டாரில் எதை மாற்றலாம், எதற்குக் காசு கொடுக்கலாம்? கேள்வி-பதில்

கேள்வி: ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாடலில் குறைந்த விலை பேஸ் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சத்தம் மந்தமாக இருக்கிறது. தடித்த ஈ கம்பியில் முதல் நாலைந்து ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை கரகரக்கிறது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகம்), பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். பேஸ் விலையில் பாதிக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகள் இரண்டும் பெரும்பாலும் அந்தப் பாகங்களால் வருவதில்லை. எட்டு மாதம் வாசித்த ரவுண்ட்வுண்ட் (உருண்டை ஒயர் சுற்றிய) கம்பியின் சுற்றுகளுக்குள் வியர்வையும் அழுக்கும் இறங்கியிருக்கும். மந்தத்துக்கு அதுவே போதும். மேல் ஃப்ரெட்டுகளில் ஒன்றுமில்லாமல் முதல் ஐந்தில் மட்டும் கரகரத்தால், நெக் தேவைக்கு மேல் நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ஒரு செட் புதுக் கம்பி வாங்குங்கள். லாங் ஸ்கேல், அதாவது அதிரும் நீளம் 34 அங்குலம்; தடிமன் 45-105 அல்லது 45-100 (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). இப்போது இருக்கும் அளவையே வாங்கினால் நட்டை (ஹெட் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளப் பட்டை) தொட வேண்டியதில்லை. டோன் வட்டமாக, பழைய பாட்டுகளில் கேட்பதுபோல வேண்டுமென்றால் ஃப்ளாட்வுண்ட் (தட்டை ஒயர் சுற்றிய கம்பி) போடுங்கள். விலை அதிகம், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். மாட்டும்போது ஒரு கவனம்: கம்பியைத் தன் ட்யூனருக்கு (ஹெட்டில் கம்பியை இறுக்கும் முறுக்காணி) மேல் 10-12 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்கோணமாக மடக்குங்கள். பிறகு மடக்குக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியின் பிடியை விட்டு நழுவும். புதுக் கம்பி அன்றைக்கே செத்த கம்பியாகிவிடும். வெட்டிய முனையை ட்யூனர் நடுத் துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வருமாறு இறுக்குங்கள்.

பிறகு செட்டப். வரிசை மாறக் கூடாது: ட்யூனிங், நெக் வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது), பிக்கப் உயரம். ட்யூன் செய்துவிட்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளியே இல்லையென்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ட்யூன் செய்து, அளந்து பாருங்கள். சாவி அச்சாகப் பொருந்த வேண்டும். மி.மீ. துளைக்குள் அங்குலச் சாவியைத் திணித்தால் துளையின் மூலைகள் மழுங்கும், அதன்பின் அந்த நெக்கைச் சரிசெய்வது பெரும்பாடு. சாதாரண பலத்துக்குத் திரும்பவில்லையா, அங்கேயே நிறுத்திவிட்டு டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள்.

கம்பி உயரத்தைப் பதினேழாவது ஃப்ரெட்டில் அளக்க வேண்டும். ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. நல்ல தொடக்கம். அடித்து வாசிப்பவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இன்டொனேஷனுக்குப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு) பின்னுக்கு இழுங்கள், குறைவாக இருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் கம்பிக்கும் பிக்கப்புக்கும் ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. விடுங்கள். சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பை ஒரேயடியாக ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஆடும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் வாசித்துப் பாருங்கள். குறை மிச்சமிருந்தால் பிக்கப்பைப் பற்றி அப்போது பேசலாம்.

கேள்வி: பிரிட்ஜ் கனமானதாக மாற்றினால் சஸ்டெயின் (சுரம் நீடித்து ஒலிப்பது) கூடும் என்கிறார்களே?

பதில்: வித்தியாசம் சின்னது, பேண்டோடு வாசிக்கும்போது காதில் படாது. சாடில் திருகு தானாக இறங்குகிறது, கம்பி பக்கவாட்டில் நகர்கிறது, துருப்பிடித்துத் திருக முடியவில்லை என்றால் மாற்றுங்கள். கோட்டோ 201 போன்ற பிரிட்ஜுகள் ஃபெண்டர் வகைத் துளைகள் பலவற்றில் நேரடியாக உட்காரும். வாங்குமுன் பழைய பிரிட்ஜின் திருகு இடைவெளியையும் கம்பிகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பின் வால்யூமைக் குறைத்தால் உடனே ஹம் (ம்ம்ம் என்ற இரைச்சல்) வருகிறது. இரண்டையும் முழுசாக வைத்தால் போய்விடுகிறது. பிக்கப் பழுதா? உட்குழிகளில் காப்பர் டேப் ஒட்டினால் தீருமா?

பதில்: பழுதில்லை. ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது முதலே ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்டது. பெரும்பாலான செட்களில் ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றதற்கு நேரெதிராக இருக்கும். இரண்டும் சம அளவில் ஒலிக்கும்போது கம்பியின் சத்தம் கூடி, ஹம் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் அந்தச் சமன் போகிறது. ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரெசிஷன் பேஸில், 1957-க்குப் பிந்தையவற்றின் பிக்கப் இரண்டு பாதிகளாக இருப்பதால், அதில் இந்தச் சமன் பிக்கப்புக்குள்ளேயே இருக்கிறது.

காப்பர் டேப் வாங்குமுன் ஒரு சோதனை. ஒரு வால்யூமை மூடி, ஹம் வரும்போது பேஸைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்புங்கள். நிற்கும் திசை மாற மாற ஹம் ஏறி இறங்கினால், அது பக்கத்திலுள்ள ட்ரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலம். டேப் அதைத் தடுக்காது. ஒற்றைச் சுருள் போலவே தோற்றமளிக்கும், உள்ளே இரட்டைச் சுருள் கொண்ட ஹம் இல்லாத பிக்கப்தான் அதற்கு மருந்து. திசை மாறினாலும் மாறாத ர்ர்ர் என்ற இரைச்சலாகி, கம்பியைத் தொட்டதும் அடங்கினால், அப்போது டேப் பலன் தரும்.

ஒட்டும்போது பிசினும் மின்சாரம் கடத்தும் டேப்பாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் துண்டுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டும். பிக்கப் குழிகளிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு ஒரு ஒயர் இழுத்து எல்லாவற்றையும் ஒரே கிரவுண்டில் சேருங்கள். மூடியபிறகு பேஸ் ஊமையாகிவிட்டால் பதற வேண்டாம்: ஜாக்கின் நுனித்தகடு டேப்பில் இடித்திருக்கும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹம் போவதற்காக ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவதும், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் செருகுவதும் மேடைகளில் நடக்கிறது. பேஸ் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் கிரவுண்டோடு இணைந்தவை. ஆம்பில் கசிவு இருந்தால் 230 வோல்ட் உங்கள் விரலில் காத்திருக்கும். உதடு மைக்கில் பட்டதும் உடம்பு வழியே பாயும். எந்த ஹம்மும் அந்த ஆபத்துக்கு ஈடல்ல.

கேள்வி: பிக்கப் மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். வாங்கும்போது எதில் ஏமாறுவார்கள்?

பதில்: அளவில். ஜாஸ் பேஸின் வழக்கமான செட்டில் பிரிட்ஜ் பக்கப் பிக்கப் நெக் பக்கத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. நீளம். சில குறைந்த விலை பேஸ்களில் இரண்டும் ஒரே அளவு. பழைய பிக்கப்பின் மூடியை அளந்தபிறகே ஆர்டர் கொடுங்கள்.

கூடவே வால்யூம், டோன் பாட்களையும் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும், திருகினால் மாறும் மின்தடை) மாற்றுவதாக இருந்தால், 250கே (கிலோ ஓம்), ஆடியோ டேப்பர் (காதுக்குச் சீராக ஒலி ஏறும் வகை) கேளுங்கள். ஆசியத் தயாரிப்புகளில் எண்ணுக்கு முன் ஏ என்றிருந்தால் ஆடியோ, பி என்றிருந்தால் லீனியர். அமெரிக்க அளவு பாட் மாட்டத் துளை 9.5 மி.மீ. வேண்டும்; இறக்குமதி பேஸ்களில் துளை பெரும்பாலும் அதைவிடச் சிறியது, ரீமரால் பெரிதாக்க வேண்டியிருக்கும். தண்டின் தடிமனும் வேறு என்பதால் பழைய குமிழ் சேராமல் போகலாம். டோன் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாதாரண பாலியெஸ்டரே போதும்; விண்டேஜ் என்று பெயரிட்டு நூறு மடங்கு விலைக்கு விற்பதை வாங்காதீர்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் கெப்பாசிட்டரும் ஒயரும் ஈயமும் எளிதாகக் கிடைக்கும். பாட் வாங்கினால் மட்டும் கையோடு மல்டிமீட்டர் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

பாட் ஒன்றின் முதுகில் கிரவுண்ட் ஒயர் வைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். தகடு சூட்டை உறிஞ்ச உறிஞ்ச, ஈயம் உருண்டு மணியாக நிற்கும், தட்டினால் உதிரும். 40 வாட்டுக்குக் குறையாமல் எடுத்து, தகட்டை லேசாகச் சுரண்டி, சூடேறியபின் ஈயம் வையுங்கள். தானாகப் பரவிப் பளபளத்தால் பிடித்துவிட்டது. மாட்டியபின் இரண்டு பிக்கப்பையும் முழுசாக வைக்கும்போது சத்தம் மெலிந்து அடித்தளமே காணாமல் போனால், ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: பேஸுக்குள் ஆக்டிவ் ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடும் முன்பெருக்கி) வைக்கலாமா, வெளியே பெடலாக வாங்கலாமா?

பதில்: பெடல். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயைப் போல ப்ரீஆம்ப்போடு சேர்த்தே வடிவமைத்த பேஸ் வேறு. உங்கள் பேஸில் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் வேண்டும், இல்லையென்றால் மரத்தைக் குடைய வேண்டும். குடைந்த பேஸின் மறுவிற்பனை விலை இறங்கும். பெடலை அடுத்த பேஸுக்கும் கொண்டுபோகலாம், தனியாகவும் விற்கலாம். உள்ளே வைப்பதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு: நீளமான கேபிள் பேஸிவ் (ப்ரீஆம்ப் இல்லாத) பேஸின் மேல் ஒலிகளைத் தின்னும், ஆக்டிவில் அது நடக்காது. மேடையில் பத்து மீட்டருக்கு மேல் கேபிள் இழுப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். அப்படி வைத்தால் ஸ்டீரியோ ஜாக் கட்டாயம், பேட்டரியின் கறுப்பு ஒயர் அதன் நடு வளையத்துக்குப் போக வேண்டும். கேபிளைச் செருகினால்தான் பேட்டரி ஓடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: சர்ச்சில் வாசிக்கிறேன். பல பாட்டுகள் டி, சி ஸ்கேலில் வருகின்றன. ஐந்து கம்பி பேஸ் வாங்க இப்போது முடியாது. நாலு கம்பியிலேயே கீழே இறங்க வழி உண்டா?

பதில்: டி மட்டும் போதுமென்றால் ஹிப்ஷாட் நிறுவனத்தின் எக்ஸ்டெண்டரைப் பாருங்கள். ஈ கம்பியின் ட்யூனர் இடத்தில் உட்காரும். நெம்புகோலைத் தட்டினால் ஈ டி ஆகும், திருப்பினால் ஈ. வேறெதையும் வெட்ட வேண்டாம். ஹெட் பக்கம் சற்றுக் கனம் கூடும், அவ்வளவுதான்.

சி வரை வேண்டுமென்றால் ஐந்து கம்பி செட் ஒன்று வாங்கி, அதில் மெல்லிய 45-ஐ ஒதுக்கிவிட்டு, 130, 100, 80, 65 நான்கையும் பி, ஈ, ஏ, டி என்று கட்டலாம். மேலே ஐந்து அரைச்சுரம் போய்விடும். பாட்டுக்குத் துணையாக வாசிப்பவருக்கு அது பெரிய நஷ்டமில்லை.

வேலை நட்டில்தான் இருக்கிறது. 130 கம்பியின் தடிமன் 3.3 மி.மீ., ஈ கம்பியின் பள்ளத்தில் அது மேலே மிதக்கும். நட் அரத்தால் அகலப்படுத்தி, கம்பியின் பாதித் தடிமன் உள்ளே இறங்கும்படி செய்ய வேண்டும், அடிப்பக்கம் ஹெட்டை நோக்கிச் சரிய வேண்டும். ரம்பத் தகட்டால் அறுத்தால் பள்ளம் சதுரமாகி, திறந்த கம்பி சிணுங்கும். ஒருமுறை அகலப்படுத்தினால் திரும்ப ஈ கம்பி அதில் நிற்காது. ஆகவே புது நட் வாங்கி அதில் வேலை செய்யுங்கள், பழையதைப் பத்திரப்படுத்துங்கள். மொத்த இழுவிசை குறைவதால் நெக் நேராகும், ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டிவரும். பி கம்பிக்குச் சாடில் வெகுவாகப் பின்னால் போகும். ஸ்பிரிங் இடித்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன் உங்கள் ஆம்ப்பைப் பாருங்கள். தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ், சி சுமார் 33. எட்டு அங்குல ஸ்பீக்கர் அதன் அடிநாதத்தைத் தராது. வால்யூம் ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும்.

கேள்வி: ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கலாமா?

பதில்: ஒரே பேஸ் வைத்திருப்பவர் செய்ய வேண்டாம். சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடேற்றி மெல்ல எடுத்தாலும் ஓரங்கள் சிலாம்பாகப் பெயரும். பள்ளங்களில் மெல்லிய மரத்தகடு வைத்து அடைத்து, மட்டமாகத் தேய்த்து, நட்டையும் இறக்க வேண்டும். ரவுண்ட்வுண்ட் கம்பி மரத்தை அரிக்கும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் ஃபிங்கர்போர்டில் எபாக்ஸி பிசின் பூசியது அதனால்தான். ஃப்ளாட்வுண்ட் போட்டால் பூச்சு தேவையில்லை. திருகால் மாட்டிய நெக் என்றால், தனியாக ஒரு ஃப்ரெட்லெஸ் நெக் வாங்கி மாட்டுவது நல்ல வழி.

கேள்வி: பழைய பேஸ் ஒன்று விலைக்கு வருகிறது. பிக்கப், ப்ரீஆம்ப், பிரிட்ஜ் எல்லாம் மாற்றியது, செலவு நிறைய என்று கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: மாற்றாத அதே மாடலின் பழைய விலையையே அடிப்படையாக வையுங்கள். கழற்றிய அசல் பாகங்கள் எல்லாவற்றையும் கையில் கொடுத்தால் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஈயம் உருண்டை உருண்டையாக இருந்தாலோ, ஒயர்கள் முறுக்கி டேப் சுற்றியிருந்தாலோ ஒரு டெக்னீஷியன் கூலியைக் கழியுங்கள். ட்ரஸ் ராடைச் சிறிதளவு இரு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும், மறுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசியுங்கள். குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வந்தால் காண்டாக்ட் க்ளீனர் பெரும்பாலும் சரிசெய்யும், அதற்காக விட வேண்டாம். ப்ரீஆம்ப் இருக்கிறதென்றால் உங்கள் சொந்த 9 வோல்ட் பேட்டரியைப் போட்டுக் கேளுங்கள்.