வாசகர் கேள்வி – பதில்: விளக்கு பிடித்த ஓவியர்

கேள்வி: யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுக்கும் காட்சியை இத்தாலிய ஓவியர் காரவாஜியோ வரைந்திருப்பதைப் படமாகப் பார்த்தேன். யூதாஸின் முகத்தைவிடச் சிப்பாயின் இரும்புக் கைதான் கண்ணில் அறைகிறது. ஏன் அப்படி வரைந்தார்? வலது ஓரத்தில் விளக்கு பிடித்திருப்பவர் யார்?

பதில்: உங்கள் கண் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. 1602-ல் ரோமில், சிரியாக்கோ மத்தேயி என்ற பிரபுவுக்காகத் தீட்டிய எண்ணெய் ஓவியம் அது. நடப்பது கெத்சமனி தோட்டத்தில். ஆனால் படத்தில் மரமில்லை, வானமில்லை. பின்னால் முழு இருட்டு. அதற்கு முன்னால் ஏழு பேர், மூச்சுவிட இடமில்லாத நெருக்கம்.

முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். யூதாஸின் கை இயேசுவை இறுகப் பற்றியிருக்கிறது. முத்தமிட வருகிறவன் பிடிக்கிற பிடியா அது? பக்கத்திலேயே சிப்பாயின் கவசக் கை நீள்கிறது. இடப்பக்கம் ஒரு சீடர், யோவான் என்பார்கள், கைகளைத் தூக்கி அலறிக்கொண்டு ஓடுகிறார். அவருடைய சிவப்பு மேலாடை பின்னால் சிக்கி, இயேசுவின் தலைக்கும் யூதாஸின் தலைக்கும் மேலே வளைந்து நிற்கிறது. இத்தனை அமளிக்கும் கீழே இயேசுவின் கைகள் விரலோடு விரல் கோத்துத் தாழ்ந்திருக்கின்றன. தள்ளவில்லை, தடுக்கவில்லை. இந்தப் படத்தின் உயிர் எனக்கு அந்தக் கோத்த விரல்களில்தான் இருக்கிறது. இதே காட்சியை முன்பே வரைந்த இத்தாலிய ஓவியர் ஜோத்தோ, சீடர் பேதுரு கத்தியெடுத்து, பிடிக்க வந்தவர்களில் ஒருவனின் காதை வெட்டுவதையும் காட்டினார். காரவாஜியோ அதைத் தொடவே இல்லை. எதிர்ப்பு என்று ஒன்று வந்தால் அந்த விரல்களை யார் பார்ப்பார்கள்?

சிப்பாயின் கண்கள் தலைக்கவசத்துக்குள் மறைந்துவிட்டன. முகத்தை மறைத்து இரும்பைத் துலக்கிக் காட்டியது வேண்டுமென்றே செய்ததுதான்.

விளக்கு பிடித்திருப்பவர் காரவாஜியோவேதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அவர் எட்டி எட்டிப் பார்க்கிறார். ஆனால் இயேசுவின் முகத்தில் விழும் வெளிச்சம் அந்த விளக்கினுடையது அல்ல; இடப்புறம் மேலேயிருந்து, ஓவியத்தின் சட்டகத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. கைது செய்ய வந்த கூட்டத்தில் தன்னையும் நிறுத்தி, கையில் விளக்கும் கொடுத்து, அந்த விளக்கால் இயேசுவைக் காட்ட முடியவில்லை என்றும் வரைந்திருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

கேள்வி: இந்த ஓவியம் வெகுகாலம் காணாமல் போயிருந்தது உண்மையா?

பதில்: காணாமல் போனது ஓவியரின் பெயர். 1802-ல் மத்தேயி குடும்பத்தார் விற்றபோது, டச்சு ஓவியர் ஹொந்தோர்ஸ்ட் வரைந்ததாகச் சொல்லி ஸ்காட்லாந்துக்குப் போனது. பின்பு அதை வாங்கிய ஒரு பெண் மருத்துவர், 1930-களில் அயர்லாந்தின் டப்ளின் நகர இயேசு சபைக் குருக்களுக்குக் கொடுத்தார். அவருடைய கணவர், காவல் அதிகாரி, 1920-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர்; அந்தத் துயரத்தில் துணைநின்ற குருவுக்கு நன்றியாக வந்த பரிசு. குருக்களின் சாப்பாட்டு அறையில் அது தொங்கியது. 1990-ல் சுத்தம் செய்வதற்காகப் பார்க்க வந்த அயர்லாந்து தேசியக் காட்சிக்கூடத்தின் செர்ஜோ பெனதெத்திக்கு, இது காரவாஜியோ வரைந்ததோ என்று சந்தேகம் தட்டியது. மத்தேயி குடும்பக் கணக்கேடுகளில் இந்த ஓவியத்துக்காகக் காரவாஜியோவுக்குக் கொடுத்த 125 ஸ்கூதோ (அக்கால இத்தாலிய நாணயம்) பதிவாகியிருந்ததை இரண்டு இத்தாலிய மாணவிகள் ஏற்கெனவே கண்டெடுத்திருந்தார்கள். 1993-ல் உண்மையான பெயரோடு ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்றும் அது குருக்களின் சொத்து. காலவரையற்ற இரவலாக டப்ளினிலுள்ள அதே தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அங்கே நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை.