கிணற்றில் இறக்கிப் பாருங்கள்

கே: ஐபி68, அதாவது தண்ணீர் தாங்கும் என்று தரக்குறி போட்ட போனை நம்பி அந்தமானில் கடலுக்குள் படம் எடுத்தேன். மறுநாள் போன் செத்துவிட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள். (திருப்பூர்)

கிடையாதுதான். அந்தக் குறி கொடுக்கிற சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. பெரும்பாலும் ஒன்றரை மீட்டர், 30 நிமிடம். பனியன் வாங்கினால்கூடத் தையலைத் திருப்பிப் பார்க்கிற ஊர்க்காரர், போனோடு வந்த தாளில் ஒரு பக்கம் படித்திருக்கலாம்.

கே: 40 மீட்டர் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்த கேமரா கேஸில் ஐந்து மீட்டரிலேயே தண்ணீர் புகுந்து கேமராவும் போச்சு. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்றிருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (கோபி)

அடப் பாவமே. குறையுள்ள சாமானுக்கு அந்த வரி செல்லாதுங்க. பில், பெட்டியின் படம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லையா, 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கேமரா நஷ்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கேஸை அடைக்கிற ரப்பர் வளையத்தில் முடியோ மணலோ இருந்ததா என்று எதிராளி கேட்பார், தயாராக இருங்கள்.

நானும் ஆன்லைனில் இப்படி ஒன்று வாங்கி ஏமாந்தவன். நல்ல வேளை, கேமராவுக்குப் பதில் டிஷ்யூ பேப்பரை மடித்து உள்ளே வைத்து, கல்லோடு கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினேன். கால் மணி நேரத்தில் தூக்கினால் பேப்பர் கூழ். அந்தக் கேஸ் இப்போது மோட்டார் ரூமில் ஸ்குரூ போட்டு வைக்க உதவுகிறது.

கே: கடலுக்குள் எடுக்கிற படமெல்லாம் நீலமாக வருகிறது. வேறு கேமரா வாங்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். சிவப்பு நிறத்தை முதல் சில மீட்டரிலேயே தண்ணீர் விழுங்கிவிடும். லைட் வாங்கிக் கிட்டப்போய் எடுங்கள். காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு ஓரிடத்தில் நிற்கத் தெரியாதென்றால் பவளத்துக்குக் கிட்டப் போகவே வேண்டாம்.

கே: ராமேஸ்வரம் பக்கம் 600 ரூபாய்க்கு வாங்கிய வெள்ளைப் பவளம் வீட்டில் நாறுகிறது. போலியா? பணம் திரும்பக் கிடைக்குமா? (பொள்ளாச்சி)

போலியாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அசல் என்பதால்தான் நாறுகிறது. அது கல் இல்லைங்க, பொடிப்பொடி உயிர்கள் கூடிக் கட்டிய சுண்ணாம்புக் கூடு. அந்த உயிர்கள் செத்து அழுகிய வாடைதான் உங்கள் ஹாலில் அடிக்கிறது. குண்டு வகைப் பவளமெல்லாம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கியும், சுண்ணாம்புக்கென்று வெட்டியது போக, கடல் சூடேறி 2010-லும் 2016-லும் வெளுத்தது போக மிஞ்சியதை ஷோகேஸுக்கு உடைத்து விற்கிறார்கள், நாமும் பேரம் பேசி வாங்குகிறோம். பாறை கட்டும் பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. விற்றாலும் வாங்கினாலும் குற்றம். ஆனைமலை அடிவாரத்தில் ஒருவன் புலி நகம் நீட்டினால் வாங்குவீர்களா?

600 ரூபாயை மறந்துவிட்டு, பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.