டி.பி. கேள்விகள்: தட்டைப் பிரிக்க வேண்டாம்

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

இல்லை, ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்தின் நிறம். பயந்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மூன்று வாரமாக இருமல். எந்த சிரப் நல்லது?

வயதை எழுதவில்லை, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்றும் எழுதவில்லை. சிரப் பெயர் மட்டும் வேண்டுமாம்! இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனைதான். அரசு மருத்துவமனையில் இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். மூச்சை ஆழமாக இழுத்து இருமி, நெஞ்சுச் சளியைக் கொடுங்கள்.

மருமகளுக்கு நுரையீரல் டி.பி. ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். தட்டு, டம்ளர் தனியாக வைத்திருக்கிறோம். குணமாகும்வரை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

கூடாதம்மா. டி.பி. காற்றில் பரவும், தட்டில் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால், சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாமா என்று 1956-ல் சென்னையில் சோதித்தே பார்த்தார்கள். 200-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியம் என்ற டி.பி. மருத்துவமனையில், மீதிப் பேர் வீட்டில். அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு; இங்கே நெரிசல், அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் ஒரு வருடத்தில் குணமானவர்கள் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஐந்து வருடம் கவனித்தும், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகமே சானடோரியங்களைக் கைவிட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். நம் ஊர் ஆய்வு, நம் வீடுகளுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

என்னிடம் வந்த ஒரு பெண் பையிலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். அடியில் நெயில் பாலிஷ் புள்ளி, வீட்டார் வைத்த அடையாளம். குணமாகி ஒரு வருடம் ஆன பிறகும்! உங்கள் மருமகளுக்கு அப்படி நடக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும், முக்கியமாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், பரிசோதனைக்குப் போங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை உண்டு.

சின்ன வயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாயிற்று. வராதுதானே?

வரலாம். குழந்தைகளை மூளை டி.பி.யிலிருந்து காப்பதுதான் அதன் பெரிய பலன். பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று செங்கல்பட்டில் நடந்த பி.சி.ஜி. ஆய்வே காட்டியது.

இரண்டு மாதத்தில் 4 கிலோ கூடிவிட்டேன், இருமலும் இல்லை. மீதி நாலு மாதம் அவசியமா?

அவசியம். மருந்து வேலை செய்கிறது, வேலை இன்னும் முடியவில்லை. பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத எம்.டி.ஆர். கிருமியாகத் திரும்பி வரலாம். மறுபடியும் சொல்கிறேன், மாத்திரையை விடாதீர்கள்.

சத்துணவுக்கான பணம் வரவில்லையே?

மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். நிக்ஷய் என்ற அரசின் டி.பி. நோயாளிகள் பதிவில் உங்கள் வங்கிக் கணக்கு எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று காசநோய்ப் பிரிவில் கேளுங்கள்.