பீரியட்ஸுக்கு முந்தின வார எரிச்சலும் அழுகையும்: எனக்கு உதவியவை, உதவாதவை

கேள்வி: மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பிருந்தே காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வருகிறது. பீரியட்ஸ் வந்ததும் ஓரிரு நாளில் சரியாகிவிடுகிறது. மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியுமா? வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பல பேருக்கு முடியும். எல்லாருக்கும் முடியாது. நீங்கள் எந்த வகை என்று தெரிய ஒரு வழிதான் இருக்கிறது: தினமும் எழுதி வைப்பது. டைரி எழுதினால் கோபம் போய்விடுமா என்று கேட்காதீர்கள், போகாது. ஆனால் எதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

எனக்கு நாற்பது நெருங்குகிறது. திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி வேலை. மாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. 20 நெருங்கினாலே நான் எரிந்து விழுகிறேன் என்று வீட்டில் பேச்சு. வேலைப் பளுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னோம். எழுதிப் பார்த்ததில் வேறு கணக்கு வந்தது. என் சுழற்சி 27, 28 நாள். அதனால் பீரியட்ஸ் தேதி மாதாமாதம் கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ரிட்டர்ன் தேதி நகராது. இரண்டும் ஒட்டி வந்த மாதங்களில், ஒரு க்ளையன்ட் பில் அனுப்பத் தாமதித்ததற்கு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். விலகி வந்த மாதங்களில் அதே க்ளையன்ட், அதே தாமதம், "அண்ணா, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க" என்று போனில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

எழுதுவது பெரிய வேலை இல்லை. ராத்திரி படுக்கும் முன் எரிச்சல், அழுகை அல்லது சோர்வு, பதற்றம், தூக்கம், உடம்பு உபாதை என்று நாலைந்து தலைப்புக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண். ஒன்று என்றால் ஒன்றுமில்லை, ஆறு என்றால் தாங்க முடியவில்லை. பீரியட்ஸ் முதல் நாளைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு வரி, அன்றைக்கு எதற்குக் கோபம் வந்தது என்று. குறைந்தது இரண்டு சுழற்சிக்கு எழுத வேண்டும். டாக்டர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஞாபகத்தை நம்ப முடியாது. பீரியட்ஸ் வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் போன வாரச் சண்டை எல்லாமே அதனால்தான் என்று தோன்றும். ஆப் வைத்துக்கொள்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு பால் கணக்கு எழுதும் பழைய நோட்டே போதுமாக இருந்தது.

அந்த நோட்டில் என்ன பார்ப்பது? பீரியட்ஸ் முடிந்து அடுத்த ஒரு வாரமாவது நீங்கள் நீங்களாக இருந்து, சுழற்சியின் பின்பாதியில் மட்டும் மதிப்பெண் ஏறினால் அது பிஎம்எஸ், அதாவது மாதவிடாய்க்கு முந்தின தொல்லைகள். மாதம் முழுக்க மனசு கீழே கிடந்து, அந்த வாரத்தில் இன்னும் மோசமானால் விஷயம் வேறு. மனச்சோர்வோ, பதற்ற நோயோ, தைராய்டு கோளாறோ ஏற்கெனவே இருந்து, இந்த நாட்களில் தலை தூக்கலாம். அப்போது அதைத்தான் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் படும், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் நோட்டில் ஒரு வரி எல்லா வாரத்திலும் இருந்தது: ராத்திரி பாத்திரம் மறுபடியும் நான்தான். மற்ற வாரங்களில் அதற்கு எரிச்சல் மதிப்பெண் இரண்டு. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் ஆறு. க்ளையன்ட் மேல் வந்த கோபம் பீரியட்ஸோடு வந்து பீரியட்ஸோடு போனது. பாத்திரக் கோபம் போகவில்லை, சத்தம்தான் குறைந்தது. ஆக அதற்கு மாத்திரையும் கிடையாது, ராகிக் கூழும் கிடையாது. வீட்டில் பேசித்தான் தீர்க்க வேண்டும். கேள்வியில் "காரணமில்லாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, வீண் செலவு குறையும். கருமுட்டை வெளியான பிறகு சுமார் இரண்டு வாரத்துக்குள் புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, கரு தங்காவிட்டால் இறங்குகிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளில் வேலை செய்யும். பெரும்பாலோருக்கு அது அமைதியைத் தரும். சிலருக்கு அதே பொருளின் ஏற்ற இறக்கம் எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்பிவிடுகிறது. இரு சாராருக்கும் ஹார்மோன் அளவில் வித்தியாசம் இல்லை. 1998-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சினைப்பையின் சுரப்பை மருந்தால் நிறுத்தி வைத்து, பிறகு ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிஎம்எஸ் இருந்த பெண்களுக்குத் தொல்லை திரும்பியது. அது இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே லேபுக்காரர்கள் விற்கும் "ஹார்மோன் பேக்கேஜ்" எதிலும் பிஎம்எஸ் தெரியாது. தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்; தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வையும் எரிச்சலையும் தரும், நம் பெண்களுக்கு இரண்டும் சகஜம்.

சரி, மாத்திரை இல்லாமல் என்ன செய்யலாம்? சத்து மாத்திரைகளில் நான் முதலில் சொல்வது கால்சியம். அதே 1998-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது சுழற்சியில் தொல்லை 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது. அந்த இரண்டாவது எண்ணை மறக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் எந்தக் கஷாயமும் ஓரளவு கேட்பது போலத் தோன்றுவதற்கு அதுவே போதும்.

கால்சியத்தை முழுக்க மாத்திரையாக விழுங்க வேண்டியதில்லை. 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. தயிர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலி என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எனக்கு டாக்டர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்து, மீதியைச் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையும் எடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அப்புறம் தூக்கம். கருமுட்டை வெளியான பிறகு உடம்பின் சூடு அரை டிகிரி செல்சியஸுக்குள் லேசாக ஏறியே இருக்கும். திருச்சி வெயிலில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் இரவு குளித்துவிட்டுப் படுக்கிறேன், சாயங்காலக் காபியை விட்டுவிட்டேன், ஏசி விஷயத்தில் மின்கட்டணம் பார்ப்பதில்லை. தூக்கம் கெட்ட மறுநாள்தான் என் மதிப்பெண் எகிறுகிறது என்பதும் நோட்டில் தெரிந்ததுதான். ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்ததில் வயிற்று உப்புசம் கொஞ்சம் மட்டுப்பட்டது. நடை உதவுகிறது, ஆனால் அந்த வாரத்தில் புதிதாக ஆரம்பிக்க உடம்பு வராது. மாதம் முழுக்க நடப்பவளுக்கு அந்த வாரமும் கால் தானாகப் போகும்.

பி6 வைட்டமின் சிலருக்கு ஓரளவு உதவலாம். தினம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் நரம்பு பாதித்து கை கால் மரத்துப் போகும். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை விலைதான் அதிகம், மனநிலைக்கு அது உதவுவதாக நல்ல சான்று இல்லை. புரோஜெஸ்டிரோன் மருந்தும் அப்படித்தான். 1953-இல் பிஎம்எஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான பிரிட்டன் டாக்டர் கேத்தரினா டால்டன் அதை வாழ்நாள் முழுக்கப் பரிந்துரைத்தார், பின்னால் வந்த ஆய்வுகள் அவரை ஆதரிக்கவில்லை. நொச்சி பற்றியும் கேட்பார்கள். ஐரோப்பாவில் பிஎம்எஸ்ஸுக்குக் கொடுப்பது நொச்சியின் உறவுக்காரச் செடி ஒன்றின் காய்ச்சாறு. நம் வேலியோர நொச்சி அது இல்லை. அதை ஆவி பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்து மூன்று சுழற்சி பார்த்தும் வாழ்க்கை தடம் புரள்கிறது என்றால் மாத்திரைக்குத் தயங்க வேண்டாம். நூறில் 3 முதல் 8 பெண்களுக்கு இது பிஎம்டிடி என்ற கடுமையான வடிவத்தில் வருகிறது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. அதற்கு முதலில் எழுதும் மருந்து ஃப்ளூயோக்ஸெடின், செர்ட்ராலின் வகை. மனச்சோர்வுக்கு இந்த மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இதற்கோ சில நாட்களிலேயே கேட்கிறது. அதனால் தினமும் எடுக்காமல், சுழற்சியின் பின்பாதியில் தொடங்கி பீரியட்ஸ் வந்ததும் நிறுத்தும் முறையும் உண்டு. ஒரு கட்டத்தில் நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆரம்பத்தில் குமட்டல், பகலில் தூக்கக் கலக்கம் இரண்டும் இருந்தன, போகப் போகக் குறைந்தன. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், இதை டாக்டர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். முன்பு எப்போதாவது மிதமிஞ்சிய உற்சாகம், நாட்கணக்கில் தூக்கமே வேண்டாம் என்ற நிலை வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மருந்து மாறும். தெரிந்த மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இல்லை இது.

கருத்தடையும் வேண்டும் என்பவர்களுக்கு டிரோஸ்பைரினோன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை இன்னொரு வழி. ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடும் என்பதால் பிபி, கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம், குடும்பத்தில் ரத்த உறைவு எதையும் மறைக்கக் கூடாது.

எந்த டாக்டரிடம் போவது? மகப்பேறு மருத்துவரிடமே தொடங்கலாம். ஒரு டாக்டர் என் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் "இன்னொரு குழந்தை பெத்துக்கோங்க, சரியாயிடும்" என்றார். அடுத்தவர் இரண்டு நிமிடம் நோட்டைப் புரட்டிவிட்டுச் சரியான கேள்விகளைக் கேட்டார். அப்படிப்பட்டவர் கிடைக்கும் வரை மாற்றுவதில் தப்பில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினாலும் போங்கள்.

அந்த நாட்களில் செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பீரியட்ஸ் வந்ததும் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. இரண்டும் மனநல உதவிக்கான எண்கள். பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது உடனே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

வீட்டில் சொல்வது பற்றி. நல்ல வாரத்தில் சொல்லுங்கள். கெட்ட வாரத்தில் ஆரம்பித்தால் அதுவே ஒரு சண்டையாகிவிடும். என் வீட்டுக்காரரிடம் ஹார்மோன் எதுவும் விளக்கவில்லை, நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வாரம் நான் என்ன செய்யணும், அத மட்டும் சொல்லு" என்றார். மனைவியைப் புரிந்துகொள் என்றால் ஆண்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. மகளின் ஹோம்வொர்க், இரண்டு நாள் ராத்திரி டிபன் என்று பிரித்துக் கொடுத்தால் செய்கிறார்கள்.

ஒரு நிபந்தனையும் போட்டேன். சண்டைக்கு நடுவில் "டேட் வரப்போகுதா?" என்று கேட்கக் கூடாது. உண்மையாகவே இருந்தாலும் கூடாது. அந்த ஒரு கேள்வி நான் சொன்ன எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிடும். பதிலுக்கு நானும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டேன். அந்த வாரத்தில் வரும் பெரிய புகார்களை எழுதி வைத்து, பீரியட்ஸ் மூன்றாம் நாள் பேசுவேன். வேலையை விடுகிறேன் என்ற கடிதமும் அதுவரை டிராஃப்ட்டிலேயே கிடக்கும். மூன்றாம் நாள் படித்தால் பாதிப் புகாருக்கு எனக்கே சிரிப்பு வரும், அவற்றை அடித்துவிடுவேன். மீதிக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பாத்திரம் அப்படித்தான் கைமாறியது, அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமில்லை, மாதம் முழுக்க.

மகளிடம் கத்திவிட்டால் அன்றைக்கே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உன் மேல் கோபமில்லை என்று சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு மட்டும் இன்னும் ஒப்புதல் இல்லை. "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்பார். நான் வாதாடுவதில்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றால் அவரே கூழ் காய்ச்சிக் கொடுத்துவிடுகிறார்.