மெருகு முதலில், மெழுகு கடைசியில்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காரின் பளபளப்பைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருப்பதால், சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக அடர்நீல நிறக் கார் வைத்திருக்கிறேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டு பாலிஷ், சீலன்ட், வாக்ஸ் என்று மூன்று புட்டிகள் வாங்கிவிட்டேன். மூன்றும் பளபளப்புக்குத்தான் என்றார். எதை முதலில் போடுவது? மாதம் ஒருமுறை மூன்றையும் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மூன்றும் பளபளப்புக்குத்தான் என்று சொன்னாரே, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பாலிஷ் என்பது பூசும் பொருள் அன்று. தேய்த்து எடுக்கும் பொருள். அதில் கண்ணுக்குத் தெரியாத தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. காரின் நிறப்பூச்சுக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டில் மிக மெல்லிய ஓர் அடுக்கை அவை சீவி எடுத்து, கீறல்களின் கூர்விளிம்புகளைச் சமன்படுத்துகின்றன. பரப்பு கண்ணாடிபோல் ஆவது அதனால்தான். சீலன்டும் வாக்ஸும் இதற்கு நேர்மாறானவை. அவை எதையும் எடுப்பதில்லை, மேலே படிந்து காக்கின்றன. சன்னல் கதவுக்குப் பெயின்ட் அடிப்பவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிரஷ்ஷைக் கையில் எடுப்பார். அடித்து முடித்த மறுநாள் அதன்மேல் உப்புத்தாளை ஓட்ட மாட்டார். ஆகவே தங்கள் மூன்று புட்டிகளின் வரிசை பாலிஷ், சீலன்ட், வாக்ஸ் என்பதுதான்.

மாதம் ஒருமுறை பாலிஷ் என்பது வேண்டவே வேண்டாம். பெரும்பாலான கார்களில் கிளியர் கோட்டின் கனம் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். முடியைவிட மெல்லிய அந்தப் படலத்துக்குள்தான் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் கலந்திருக்கிறது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் போய்விடுகிறது, போனது திரும்பி வருவதில்லை. கீறல் கண்ணை உறுத்தும்போது மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மிகாமல் போட்டால் போதும். சீலன்டையும் வாக்ஸையும் அடிக்கடி போடலாம், அதனால் கெடுதல் இல்லை.

முறையைச் சொல்கிறேன். வண்டியை ஷாம்பூ போட்டுக் கழுவி உலர்த்திய பின், மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பையின் வழியாக ரவை தூவியதுபோல் நெருடும். பிரேக்கிலிருந்தும் சாலையிலிருந்தும் பறந்து வந்து பெயின்ட்டில் பதிந்துவிட்ட துகள்கள் அவை, ஷாம்பூவுக்கு அசையாது. கிளே என்று விற்கப்படும் களிமண் போன்ற கட்டியை, ஈரம் காயாமல் ஷாம்பூ தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டினால் நெருடல் போய்விடும். கட்டி கீழே விழுந்துவிட்டால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாமல் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணல் ஒரு குருணை போதும், பானட் முழுதும் கோடு இழுத்துவிடும்.

பிறகு பாலிஷ். பானட்டில் ஓரடிச் சதுரத்தில் மட்டும் முதலில் போட்டுப் பார்த்து, பலன் தெரிந்தால் மற்ற இடங்களுக்குப் போகலாம். துடைத்தவுடன் கீறல் மறைந்துவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி அதை ஒளித்து வைத்திருக்கும். இரண்டு வாட்டர் வாஷில் எண்ணெய் போனதும் கீறல் பழையபடி வந்து நிற்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒருமுறை துடைத்துவிட்டு, செல்பேசியின் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இந்தத் துடைப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. எண்ணெய்ப் பசை நீங்கிய பரப்பில்தான் சீலன்ட் நன்றாகப் பற்றும்.

வேலை முழுவதும் நிழலில், தொட்டால் சுடாத பரப்பில் நடக்க வேண்டும். நானே ஒருமுறை மே மாத நண்பகலில் அவசரப்பட்டுக் கூரை முழுவதும் சீலன்டைப் பூசிவிட்டு, அது காய்ந்து இறுகிப் போனதால் ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் முழுவதையும் செலவழித்திருக்கிறேன்.

கேள்வி: போன வாரம் கார்னாபா வாக்ஸ் போட்டேன். இப்போது நல்ல சீலன்ட் ஒன்று கிடைத்திருக்கிறது. வாக்ஸின் மேலேயே போட்டுவிடலாமா? எத்தனை கோட்டிங் போட்டால் நல்லது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போடலாம், ஆனால் நிற்காது. சீலன்ட் என்பது ஆலையில் செய்யப்பட்ட பாலிமர். அது கிளியர் கோட்டை நேரடியாகப் பற்றிக்கொண்டு சில மணி நேரத்தில் இறுகுவதுதான் அதன் பலம். நடுவில் மெழுகு இருந்தால் அது மெழுகைத்தான் பற்றும், மெழுகு கழன்று போகும்போது சீலன்டும் கூடவே போய்விடும். மாறாக, இறுகிய சீலன்டின் மேல் வாக்ஸ் நன்றாகவே உட்காரும். தாங்கள் செய்ய வேண்டியது, இப்போதைய வாக்ஸ் தேயும்வரை பொறுத்திருப்பது. அல்லது அவசரமானால் மிக மென்மையான பாலிஷ் ஒன்றை ஓட்டி அதை எடுத்துவிட்டுச் சீலன்ட் போடுவது. நான் என்றால் பொறுத்திருப்பேன், ஏனென்றால் நம் வெயிலில் ஒன்றரை மாதத்துக்கு மேல் வாக்ஸ் நிற்பது அபூர்வம்.

கார்னாபா வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து வருகிறது. வறட்சியில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அந்தப் பனை ஓலையின் மேல் மெழுகைச் சுரக்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு தூளாக உதிர்கிறது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது அது, உருகுவதற்கு 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்படியானால் நம் வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். தூய கார்னாபா செங்கல்போல் இருக்கும், கையால் பூச முடியாது. அதனால் டப்பாவில் அடைக்கும்போது கரைப்பான்களையும் எண்ணெய்களையும் மென்மையான வேறு மெழுகுகளையும் சேர்த்துத்தான் இளக்குகிறார்கள். கோடையில் கருநிற பானட் கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும்போது அந்தக் கலவை தாங்குவதில்லை.

கோட்டிங் எத்தனை என்றால், சீலன்டில் இரண்டு, வாக்ஸில் ஒன்று அல்லது இரண்டு. இரண்டாவது கோட்டிங் கனத்தைக் கூட்டுவதற்காக அன்று, முதல் முறை கை தவறிவிட்ட இடங்களை மூடுவதற்காக. ஐந்து, ஆறு என்று அடுக்கினால் புதிய வாக்ஸில் உள்ள கரைப்பான் பழைய அடுக்கையே இளக்கிவிடும், மிச்சம் துடைக்கும் துணியோடு வந்துவிடும். சீலன்டுக்கும் வாக்ஸுக்கும் நடுவே புட்டியில் குறிப்பிட்ட இடைவெளியை, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தை, கட்டாயம் விடுங்கள். அதற்குள் தண்ணீர் படக்கூடாது. இன்னொன்று: கிளீனர் வாக்ஸ், ஆல் இன் ஒன் என்று எழுதியிருக்கும் புட்டிகளில் தேய்ப்புத் துகளோ கழுவும் பொருளோ சேர்ந்திருக்கும். அதைச் சீலன்டின் மேல் போட்டால், நேற்றுப் போட்ட காப்பை இன்று தாங்களே துடைத்து எடுத்தவர் ஆவீர்கள். வாங்குவதற்கு முன் புட்டியின் பின்புறத்தைப் படியுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் காலையில் ஒருவர் வந்து காரைத் துடைத்துவிட்டுப் போகிறார். ஆனாலும் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் கீறல்கள், கண்ணாடியிலும் பானட்டிலும் வெள்ளைப் புள்ளிகள். என்ன வாக்ஸ் போட வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: எந்த வாக்ஸும் வேண்டாம், முதலில் அந்தத் துடைப்பை நிறுத்துங்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பத்துக் கார் என்பதுதான் நம் குடியிருப்புகளில் நடைமுறை. முதல் காரின் புழுதி பத்தாவது கார் வரை வாளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவாமல் ஈரத்துணியால் இழுத்தால் அது துடைப்பது ஆகாது, தேய்ப்பதுதான். தாங்கள் பார்க்கும் வலை உண்மையில் வட்டமாக விழுந்த கீறல்களும் அல்ல. எல்லாத் திசைகளிலும் விழுந்த நுண்கீறல்களில், வெளிச்சத்தைச் சுற்றிப் படும் விளிம்புகள் மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகின்றன. பனியன் வேஸ்ட் துணிக்கு மெக்கானிக் ஷெட்டில்தான் இடம். காருக்கு மைக்ரோஃபைபரைக் கொடுங்கள். துடைப்பவரிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவ மட்டும் சொல்லி, வாரம் ஒருமுறை என்று மாற்றிக்கொள்ளுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள், தவறு அவருடையது அன்று.

வெள்ளைப் புள்ளிகள் போர்வெல் தண்ணீரின் கைங்கரியம். துளி காய்ந்ததும் அதிலிருந்த கால்சியம், மெக்னீசிய உப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. புதிய புள்ளிகளானால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், துணியால் ஒற்றி ஒரு நிமிடம் வைத்திருந்து நன்றாகக் கழுவினால் போய்விடும். வாரக்கணக்கில் வெயிலில் வெந்து பெயின்ட்டையே அரித்துவிட்டவை பாலிஷுக்குத்தான் அசையும். ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வாக்ஸ் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து எல்லோரும் பூரிக்கிறோம். உப்புத் தண்ணீர் ஊரில் ஒவ்வொரு முத்தும் காய்ந்தால் ஒரு புள்ளி. கழுவியவுடன் உலர்த்தாவிட்டால் வாக்ஸ் போட்ட காரிலும் புள்ளி விழும்.

கேள்வி: புதுக் கார் எடுத்தபோது டெஃப்ளான் கோட்டிங் என்று ஒரு தொகை வாங்கினார்கள். ஆறு மாதத்தில் பளபளப்பு போய்விட்டது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருச்சி

பதில்: பெயரில்தான் ஏமாற்றம். டெஃப்ளான் எதனோடும் ஒட்டாத பொருள் என்பதால்தான் தோசைக்கல்லில் அதற்கு அவ்வளவு மரியாதை. அதன் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ்; பாத்திரத்தில் அதைப் பிடிக்க வைக்க அதற்கும் மேலான சூட்டில் சுடுகிறார்கள். காரின் பெயின்ட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் கார் மிஞ்சாது. ஆகவே அந்தப் பெயரில் போடப்படுவது பெரும்பாலும் ஒரு சீலன்ட்தான், ஆறு மாதம் நின்றது என்றால் தன் ஆயுளை வாழ்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அடுத்த முறை அதையே வீட்டில் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

செராமிக் கோட்டிங் வேறு ரகம். அது சிலிக்கா அடிப்படையிலான திரவம். பெயின்ட்டோடு இறுகப் பிணைந்து ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது. ஆனால் அடியில் இருக்கும் கீறலையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால், போடுவதற்கு முன் செய்யும் பாலிஷ் வேலைதான் கூலியின் பெரும்பகுதி. அதைச் செய்யாமல் இரண்டு மணி நேரத்தில் காரைத் தருகிறேன் என்பவரிடம் விட வேண்டாம். செராமிக்கின் மேல் வாக்ஸ் பூசுவதால் கெடுதல் இல்லை, பெரிய லாபமும் இல்லை.

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசிடரை மெருகேற்ற முயன்றேன். துணியெல்லாம் காரின் நிறம். பயந்து நிறுத்திவிட்டேன்.
– வாசகர், காரைக்குடி

பதில்: பயம் வேண்டாம். அந்தக் காலத்துக் கார்களில் கிளியர் கோட் கிடையாது, நிறப்பூச்சே மேற்பூச்சு. பாலிஷ் போட்டால் வெளுத்துச் செத்துப்போன மேல்படலம் நிறத்தோடுதான் வரும். மென்மையான பாலிஷ், கைவேலை, மூலைகளில் அழுத்தாமை என்று மூன்றையும் பார்த்துக்கொண்டால் அடியில் இருக்கும் பழைய நிறம் மேலே வரும். உலர்ந்துபோன அந்தப் பெயின்ட்டுக்கு எண்ணெய்ச் செழிப்புள்ள கார்னாபா வாக்ஸ் சீலன்டைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. இதே நிறக்கசிவு இன்றைய மெட்டாலிக் நிறக் காரில் வந்தால் கிளியர் கோட் போய்விட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: மேட் ஃபினிஷ் பைக்குக்கு எந்த பாலிஷ்?
– வாசகர், சேலம்

பதில்: எதுவும் கூடாது. மேட் பரப்பின் சொரசொரப்புதான் அதன் அழகு. பாலிஷ் அதை வழித்து அங்கங்கே பளபளக்கும் திட்டுகளாக்கிவிடும், சரிசெய்ய மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. மேட்டுக்கென்றே வரும் ஷாம்பூவும் சீலன்டும் உண்டு.

கேள்வி: டிங்கரிங் செய்து ஒரு கதவுக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். முழுக் காருக்கும் சீலன்ட் போடும்போது அந்தக் கதவுக்கும் போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்தக் கதவை மட்டும் ஒரு மாதமாவது, பெயின்ட் அடித்தவர் கூடுதலாகச் சொன்னால் அவர் சொன்ன காலம் வரை, விட்டுவையுங்கள். தொழிற்சாலையில் பெயின்ட்டைச் சுமார் 140 டிகிரியில் சுட்டு இறுக்குகிறார்கள், அதனால் புதுக் காருக்கு மறுநாளே சீலன்ட் போடலாம். பட்டறையில் கிடைப்பது 60 டிகிரி சூடுதான்; பல இடங்களில் வெறும் வெயில். உள்ளே மிஞ்சிய கரைப்பான் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேற வேண்டும், அதற்குள் மேலே மூடிவிட்டால் பெயின்ட் மங்கலாம். அதுவரை தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் தாமதிக்காமல் ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இன்னும் இறுகாத புதுப் பெயின்ட்டில் அது ஒரே வெயிலில் தழும்பாகிவிடும்.